தொலையுணர்வும் நாஞ்சில் நாட்டுக் காடுகளும்

நாஞ்சில் நாட்டின் வயல்கள் மலையை நம்பி விளைகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெய்யும் மழை கோதையாறாக இறங்கி, 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையில் தேங்கி, கால்வாய்கள் வழியே குளங்களையும் வயல்களையும் அடைகிறது. எனவே, அம்மலைகளில் காடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்னும் வினா வனத்துறைக்கு மட்டும் உரியதன்று; நம் அனைவர்க்கும் உரியது. அதற்கு விடை காண அறிவியல் தந்துள்ள கருவிகளுள் ஒன்று தொலையுணர்வு.

ஒரு பொருளைத் தொடாமலே, அதிலிருந்து வரும் கதிர்களைத் தொலைவிலிருந்து பதிவு செய்து அதன் தன்மையை அறிதலே தொலையுணர்வு ஆகும். பசுமையான இலை சூரிய ஒளியிலுள்ள சிவப்புக் கதிரைப் பெரிதும் ஈர்த்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பியனுப்புகிறது. நோயுற்ற இலையில் இவ்வியல்பு மாறும். இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப் போற்றப்பெறும் பி.ஆர். பிஷாரடி, 1970ஆம் ஆண்டையொட்டி, கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படம்பிடித்து, வேர்வாடல் நோயுற்ற மரங்களை ஆராய்ந்தார். 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் செலுத்தப்பெற்றபின், நம் நாட்டுச் செயற்கைக்கோளே இப்பணியை மேற்கொள்ளலாயிற்று.

ஆயினும், வானிலிருந்து நோக்குகையில் வெவ்வேறு பொருள்கள் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு. இமயத்தின் பனியும் மேகமும் ஒருங்கே வெண்மையாய்த் தெரியும். குற்றலை அகச்சிவப்பில் பார்த்தால் பனி கருமையாகவும் மேகம் பெரும்பாலும் வெளிறியும் தோன்றும்; இவ்வாறு இரண்டும் பிரித்தறியப்படுகின்றன. நம் மாவட்டத்துச் சிக்கல் வேறு வகையினது. இங்குக் காட்டை அடுத்தே இரப்பர்த் தோட்டங்கள் அடர்ந்துள்ளன. 1987 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வரும் இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காடும் அதற்கு மேலும் மர விதானம் இருப்பின், அது எவருடைய நிலமாயினும், எம்மரமாயினும், வனப்போர்வையே. ஆகவே, கணக்கில் பசுமை கூடியதால் இயற்கைக் காடு கூடிற்று என்று கொள்ள இயலாது. பல அடுக்காய் வளர்ந்த காட்டின் உயிர்வளம் ஒரே மரம் நிற்கும் தோட்டத்தில் இல்லை.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. இரப்பர் மரம் ஏறத்தாழ டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் இலையுதிர்த்துப் பின் தளிர்க்கும். பசுமைமாறாக் காடோ ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. ஓராண்டின் பல மாதப் படங்களை ஒப்பிட்டால் இவ்வேறுபாடு புலப்படும். எனினும், படம் காட்டியது மெய்தானா என உறுதிசெய்யக் கள ஆய்வு வேண்டும். ஆய்வாளர் குறித்த இடத்திற்குச் சென்று, நிலத்தை அளந்து கட்டமிட்டு, மரங்களின் பெயரையும் மார்பளவு உயரத்தில் அடிமரச் சுற்றளவையும் குறித்து, அவற்றைப் படத்தோடு ஒப்பிடுவர். இங்குதான் மலைவாழ் காணி மக்களின் மரவறிவும், இலையுதிர் காலத்தை நன்கறிந்த பால்வெட்டுத் தொழிலாளரின் பட்டறிவும் துணை நிற்கின்றன.

இவ்வறிவைத் திரட்டி, மரங்களின் உள்ளூர்ப் பெயர்களையும் தளிர்க்கும் காலங்களையும் பதிவு செய்வது நம் மாணவர்க்கு எளிதில் இயல்வதே. தாவரவியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து இப்பணியை மேற்கொள்வாராயின், செயற்கைக்கோள் தரும் பசுமைக்கு உரிய பொருள் விளங்கும். நம் வயலுக்கு நீர் தரும் காட்டின் உண்மை நிலையும் தெரியவரும்.