ஒலிக்கருவி வாணிகத்தில் வாய்மை

வாணிகத்தை இருவகையாகப் பகுக்கலாம். வாங்குவோன் பொருளைத் தானே சோதித்து அறியத்தக்க வாணிகம் ஒன்று. விற்போன் சொல்லையே நம்பி வாங்கவேண்டிய வாணிகம் மற்றொன்று. ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் கொள்வோன் கிழங்கை ஒடித்து அதன் நிறத்தை நோக்குகிறான். பருத்தி கொள்வோன் பஞ்சை விரல்களிடையே இழுத்து இழையின் நீளத்தை அறிகிறான். ஆனால் ஆம்ப்ளிபயர், ஒலிபெருக்கி முதலிய ஒலிக்கருவிகளை வாங்கச் செல்வோன் காண்பது மூடிய பெட்டி ஒன்றே. அதனுள் இருப்பது யாதென விற்போன் அறிவான்; வாங்குவோன் அறியான். இத்தகைய வாணிகத்தில் வாய்மை எங்ஙனம் நிலைபெறும் என்பதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

உள்ளிருப்பது தெரியாதபோது, வாங்குவோனுக்குப் பற்றுக்கோடாக ஏதேனும் ஓர் எண் வேண்டியிருக்கிறது. ஒலிக்கருவிகளின் வரலாற்றை நோக்கின், அவ்வெண்ணின் வழியாகவே பொய் புகுந்தமை புலனாகும். வானொலிப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கிய காலத்தில், வால்வுகளின் தொகையே பெட்டியின் தரத்திற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. ஆகவே 1930-களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட சில பெட்டிகளில், தொகையைக் கூட்டுவதற்கன்றி வேறொன்றிற்கும் உதவாத வால்வுகள் பொருத்தப்பட்டன. பின்னர் டிரான்ஸிஸ்டர் வந்தது. 1960-களில் டிரான்ஸிஸ்டர்களின் தொகையைப் பெரிய எழுத்தில் பொறித்துக்கொண்ட சில கைப்பெட்டிகளில், அவற்றுட் சில ஒரு தொழிலும் இன்றிச் சும்மா இருந்தன. அதன்பின் வாட் என்னும் அளவு முன்னுக்கு வந்தது. ஒரு கணநேரத்து உச்சத்தை எவ்விதப் பொதுவிதியும் இன்றிக் கணக்கிட்டு, அதற்குப் பி.எம்.பி.ஓ. என்று பெயரிட்டு, சிறு பெட்டிகளின் மீதும் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டனர். நம் நாட்டுக் கடைவீதிகளில் 1990-களில் இவ்வெழுத்துக்களைக் காணாதார் அரியர். அமெரிக்காவிலோ இத்தகைய மிகைக்கூற்றுக்கள் பெருகியமையால், அந்நாட்டு வாணிக ஆணையம் 1974-ஆம் ஆண்டிலேயே ஆம்ப்ளிபயரின் ஆற்றலை எம்முறையில் அளந்து கூறவேண்டும் என்று விதி வகுத்தது.

இங்ஙனம் மூடிய பெட்டியைத் திறந்து காட்டும் மனப்பான்மைக்கு நம் கோயம்புத்தூரிலேயே ஒரு சான்று உண்டு. ஜி. டி. நாயுடு அவர்கள் (1893–1974) இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அதனை உறுப்புறுப்பாகப் பிரித்து மீண்டும் பூட்டித் தொழில் கற்றார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அவரே 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தார். வால்வு ஐந்து, விலை எழுபது என்று வெளிப்படையாகக் கூறிய அச்சொல்லை நாம் இன்று நோக்கும்போது, விலையைக் காட்டிலும் பெரிய பொருளொன்று அதனுள் இருத்தலைக் காண்கிறோம். ‘இக்கருவியைச் செய்ய உண்மையில் என்ன செலவாகும்?’ என்னும் வினாவை அது வாங்குவோன் கையிற் கொடுத்தது. வினாவத் தெரிந்தவனை ஏமாற்றுதல் எளிதன்று.

நிற்க. இக்காலத்து வாங்குவோன் வினாவ வேண்டுவன யாவை எனின், அவற்றை நம் கொங்குநாட்டு உழவரிடமிருந்தே கற்கலாம். கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் உழவர் எத்தனை குதிரைசக்தி என்று மட்டும் கேட்டு அமைவதில்லை. இத்தனை அடி ஆழத்திலிருந்து மணிக்கு எவ்வளவு நீர் தள்ளும் என்றும் கேட்கிறார். ஒலிக்கருவிக்கும் அம்முறையே பொருந்தும். முதலாவது, சொல்லப்படும் வாட் இடையறாது தரத்தக்க ஆற்றலா, கணநேர உச்சமா என்பது. இரண்டாவது, ஒலிபெருக்கியின் உணர்திறன்; அஃதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பது. 84 டெசிபெல் உணர்திறன் உடைய ஒலிபெருக்கி 40 வாட் உண்டு எழுப்பும் ஒலியை, 90 டெசிபெல் உடையது 10 வாட்டிலேயே எழுப்பும். அன்றியும், ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்கு உரத்துத் தோன்றுவதற்கு ஏறக்குறைய பதின்மடங்கு ஆற்றல் வேண்டும். ஆதலின் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் விலையில் உள்ள வேற்றுமை பெரிது. செவியில் உள்ள வேற்றுமை சிறிது. இதனை வாங்குவோனிடம் எடுத்துரைப்பவனே நேர்மையான வாணிகன்.

‘எண்களை விடுங்கள், செவியால் கேட்டு வாங்கினால் போதாதோ?’ என்று சிலர் வினாவலாம். செவியும் ஏமாறும் என்க. இரண்டு கருவிகளில் ஒன்றைச் சற்றே உரக்க ஒலிக்கச் செய்தால், கேட்போர் பெரும்பாலும் அதனையே சிறந்ததெனக் கொள்வர். ஒலி தாழுந்தோறும் செவி அடித்தொனியைக் குறைவாக உணரும் என்பதைப் பிளெட்சர், மன்சன் என்னும் இரு அறிஞர்கள் 1933-ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். ஆகவே உரத்த கருவி நிறைந்த ஓசையுடையதாகவும் தோன்றும். விற்க விரும்பும் பெட்டியின் திருகை ஒரு சிறிது கூட்டி வைக்கும் கடைக்காரர் பொய்ச்சொல் ஒன்றும் கூறுவதில்லை. ஆயினும் பொய்த்தவரே ஆவர். இரண்டையும் ஒரே அளவில் ஒலிக்கவைத்து, வாங்குவோன் தானே கொண்டுவந்த பாட்டைப் போட்டுக் காட்டுதலே நடுநிலைமையாம். கடையில் நன்றாக ஒலித்த கருவி, வெறுஞ்சுவரும் சிமெண்ட் தரையும் உள்ள வீட்டில் வேறு வகையாக ஒலித்தலும் உண்டு. அதனை முன்கூட்டியே சொல்லி, பொருந்தாவிடின் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுக்கும் வாணிகர் பாராட்டத்தக்கவர்.

இவ்விஷயத்தில் தவறு நேரின் துன்புறுவோர் பொழுதுபோக்கிற்காகப் பாட்டுக் கேட்போர் மட்டும் அல்லர். நம் ஊர்களில் மாரியம்மன் நோன்பிற்கும் திருமணத்திற்கும் மைக் செட் கட்டிப் பிழைப்போர் பலர். கடன்பட்டு வாங்கிய கருவி போலியாக இருந்து, திருவிழா இரவில் பாதியிலே எரிந்துபோயின், அவர்க்கு அன்றைய கூலி மட்டுமன்று, மறு ஆண்டின் அழைப்பும் போய்விடும். விற்றவர் பெற்ற சிறு ஆதாயத்திற்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பே ஆட்டங்காண்கிறது.

மேலும், பொய் வாணிகம் மெய் வாணிகத்தையும் அழிக்கும். ஜார்ஜ் அகர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ஆம் ஆண்டில் இதனைப் பழைய மோட்டார் கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நல்லதையும் தீயதையும் பகுத்தறிய இயலாத வாங்குவோர், எதற்கும் நடுத்தர விலைக்குமேல் கொடார். அவ்விலைக்கு நல்ல பொருளைத் தர இயலாமையால் நல்ல வாணிகர் சந்தையை விட்டு நீங்குவர், எஞ்சுவது தீயதே. இவ்வாராய்ச்சிக்காக அவர் 2001-ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். எனவே ஒரு வீதியில் ஒரு கடைக்காரர் செய்யும் வஞ்சம், அவ்வீதியில் உள்ள நேர்மையாளர் அனைவருக்கும் இழைக்கும் தீங்காகும்.

வாய்மை விற்போர்க்கு மட்டுமே உரிய கடமை என்று எண்ணுதல் கூடாது. வாங்கும் எண்ணம் சிறிதும் இன்றி ஒரு கடையில் இரண்டு மணிநேரம் கருவிகளைப் போட்டுக் கேட்டு, அவர் கூறிய அறிவுரையை எடுத்துக்கொண்டு, நூறு ரூபாய் குறைவென்று வேறிடத்தில் வாங்குவது நேர்மையாகாது. அக்கடைக்காரர் செலவிட்ட நேரத்திற்கும் கற்ற கல்விக்கும் விலை உண்டு. தாம் தவறாக இணைத்து எரித்த கருவியை, வாங்கும்போதே பழுதாயிருந்ததென்று சாதிப்பதும் பொய்யே. தம்மிடம் உள்ள பணம் இவ்வளவு, தம் அறையின் அளவு இவ்வளவு என்று உண்மையை முன்னரே சொல்லும் வாடிக்கையாளர்க்கே கடைக்காரரும் உண்மையாய் உதவ இயலும்.

இருவர்க்கும் இடையே சட்டமும் நிற்கிறது. நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. அதற்கு ஈடாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்தைப் பொய்யாகக் கூறுவதும், ரசீது கொடாமையும் அச்சட்டப்படி முறையற்ற வாணிகமாகும். பழுதுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள், அங்ஙனம் குறிக்கப்படாவிடின் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ஆயினும் ரசீது இல்லாதார்க்குத் தம் வழக்கை மெய்ப்பித்தல் அரிது. வரியை மிச்சப்படுத்த எண்ணி ரசீது வேண்டாம் என்பவர், தம் காவலைத் தாமே விற்றவர் ஆவர்.

திருவள்ளுவர் வாணிகரைப் பற்றிய தம் குறளைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தமை நம் சிந்தனைக்கு உரியது. வாணிகத்தின் உயிர் பொருளீட்டலில் இல்லை, நடுநிலையில் உள்ளது என்பதற்கு அவ்விடமே சான்றாக நிற்கிறது. இக்கல்லூரியை விட்டுச் செல்லும் நம் மாணவருள் சிலர் நாளைக் கடை வைப்பர். அனைவரும் கடைக்குச் செல்வர். கடை வைப்போர், தாம் அறிந்ததை வாங்குவோனும் அறியுமாறு பெட்டியைத் திறந்து காட்டுவாராக. கடைக்குச் செல்வோர், வினாவத் தெரிந்தவராகவும், தம் சொல்லில் நிற்பவராகவும் செல்வாராக. அவ்விருவரும் சந்திக்கும் இடத்தில் நம்பிக்கை தானே வளரும்.