435 டிகிரி யாருடைய சூடு?

நிலவியல் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆய்வறிக்கையில் டிமேக்ஸ் 435 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கிறதே, அந்தக் களிப்பாறை பூமிக்குள் அவ்வளவு சூட்டிலா கிடந்தது?"

இல்லை. அது ராக்-எவால் என்ற கருவியின் உலைச் சூடு. பிரான்சின் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் எஸ்பித்தாலியே குழுவினர் உருவாக்கி 1977-இல் வெளியிட்ட முறை இது. 100 மில்லிகிராம் பாறைத்தூள் போதும். காற்றில்லாத உலையில் முதலில் 300 டிகிரி. பாறையில் ஏற்கெனவே ஊறியிருக்கும் எண்ணெய் ஆவியாகும், அது எஸ்1. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் சூடு ஏறும். பாசியும் இலைதழையும் மக்கி இறுகிய கெரோஜன் உடைந்து எண்ணெயாக வெளியேறும், அது எஸ்2. அதன் உச்சம் எந்தச் சூட்டில் வருகிறதோ அதுதான் டிமேக்ஸ்.

பூமி இதே வேலையைச் சுமார் 60 முதல் 120 டிகிரியில், லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு முடிக்கிறது. நமக்கு அவகாசமில்லை, சூட்டைக் கூட்டுகிறோம். எளிதில் அறும் பிணைப்புகளைப் பூமி முன்பே அறுத்துவிட்டிருந்தால், மிஞ்சியவற்றை அறுக்க உலைக்குக் கூடுதல் சூடு வேண்டும். எங்கள் வீட்டில் தேங்காய்ப் பால் எடுக்கும்போது முதல் பால் கை வைத்ததும் வரும். மூன்றாம் பாலுக்குத் தோள் வலிக்கும். அந்த வலியை அளக்கும் எண் டிமேக்ஸ். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஆழத்தில் புதைந்து வேகவில்லை. அதன் உச்சம் 435-க்குக் கீழேயே நின்றுவிடும்.

இன்னொரு வேடிக்கை: அறிக்கையில் வரும் டிமேக்ஸ் உலையின் அசல் சூடும் அல்ல. ராக்-எவால் 6 என்ற பிந்தைய கருவி தூளை ஒட்டியே சூட்டை அளக்கிறது. உச்சம் ஏறத்தாழ 40 டிகிரி மேலே விழுகிறது. பழைய அளவீடுகளோடு ஒத்துப்போகட்டும் என்று அதைக் கழித்துவிட்டுத்தான் டிமேக்ஸ் என்று அச்சிடுகிறார்கள்.

என் ஆதங்கம், வளைகோட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் அட்டவணைக்கு ஏற்றும் பழக்கம்தான். ஒரு கிராம் பாறைக்கு எஸ்2 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உச்சம் என்று சொல்ல எதுவும் இருக்காது; கருவி அப்போதும் ஓர் எண்ணைத் துப்பும். அமெரிக்காவின் கிரீன் ரிவர் ஏரிப்பாறையில் பிணைப்புகள் பெரும்பாலும் ஒரே ரகம். எவ்வளவு வெந்தாலும் டிமேக்ஸ் அதிகம் நகராது. துளையிடும் சேற்றில் டீசல் கலந்திருந்தால் எஸ்1 வீங்கிவிடும். சந்தேகம் வந்தால் தூளைக் கரைப்பானில் கழுவி மறுபடி சுடலாம். எண் மாறினால், முதலில் அளந்ததில் வேறு ஏதோ கலந்திருந்தது.