கருணைக் கொலையும் கடைசி விருப்பமும்

தீராத நோயாளிகளைக் கருணைக் கொலை செய்யச் சட்டம் இடம் தரலாமா? வலியசாலையில் நாலு பெரியவர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் கருத்து உடனே இரண்டாகப் பிரியும். "படுத்த படுக்கையாய்க் கிடந்து பிள்ளைகளுக்குப் பாரமாவதைவிட ஓர் ஊசியில் போய்விடலாம்" என்பார் ஒருவர். "உயிரைக் கொடுத்தவன் எடுத்துக் கொள்ளட்டும்" என்பார் மற்றவர். சொத்துக்காக அவசரப்படுவார்களே என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் வீண் அல்ல. விருதுநகர் வட்டாரத்தில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து மரணத்தை வரவழைக்கும் 'தலைக்கூத்தல்' 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த விவாதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஊசி போட்டு உயிரைப் போக்குவது ஒன்று. நெதர்லாந்தில் 2002 முதல் நிபந்தனைகளுடன் இதற்கு அனுமதி உண்டு. நம் நாட்டில் இது குற்றமே. வாழ்ந்தது போதும் என்று மனுச் செய்த தாமஸ் மாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கேரள உயர்நீதிமன்றமும் 2000இல் அனுமதி மறுத்தது.

பிழைக்க வழியில்லாத நிலையில் வெண்டிலேட்டர் போன்றவற்றை நிறுத்தி, இயற்கையான முடிவுக்கு விடுவது இரண்டாவது. அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்சநீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமான மரணமும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்று தீர்ப்பளித்தது.

மரணம் வேண்டும் என்று கேட்கும் நோயாளிகளில் பலர் உண்மையில் கேட்பது வலியிலிருந்து விடுதலை. இதில் கேரளம் முன்னோடி. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர்தோறும் பரவி, 2008இல் அரசின் கொள்கையாகவே ஆயிற்று. டாக்டர் எம். ஆர். ராஜகோபால் நிறுவிய பாலியம் இந்தியா நம் திருவனந்தபுரத்திலேயே இயங்குகிறது. வலி தணிந்து, பக்கத்தில் ஆளும் இருந்தால், சாவைக் கேட்கும் குரல் பெரும்பாலும் தணிந்துவிடும்.

நம் குடும்பங்களில் பிள்ளைகள் ஒருவர் துபாயில், ஒருவர் அமெரிக்காவில். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவரோ தள்ளாத மனைவி. "தொடரலாமா, நிறுத்தலாமா?" என்று டாக்டர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? தொலைபேசியில் பிள்ளைகளுக்குள் சண்டைதான் மிஞ்சும்.

ரயில்வேயில் தண்டவாளத்தைக் கழற்றுமுன் எழுத்தில் அனுமதி வாங்குவோம். வாய்ச்சொல்லை நம்பிக் கை வைக்க மாட்டோம். உயிர் விஷயத்தில் மட்டும் எதையும் எழுதி வைப்பதில்லை. தெளிந்த புத்தியுடன் இருக்கும்போதே எழுதும் 'லிவிங் வில்' முறையை உச்சநீதிமன்றம் 2023இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். நம் சார்பில் முடிவெடுக்க நம்பிக்கையானவர்களின் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். எனினும் அந்த ஏட்டை மட்டும் வைத்துச் சிகிச்சையை நிறுத்திவிட முடியாது. இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்ப வேண்டும். சொத்துக்காக அவசரப்படுவோருக்கு இதுவே கடிவாளம்.

சட்டம் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நாடு விவாதிக்கட்டும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, வீடு யாருக்கு என்று பேசுவதோடு இதையும் பேசிவிடுங்கள்.