மரம் வெட்டிய பாட்டி

“நான் முப்பது வருசம் மரம் வெட்டினேன்” என்று போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பாட்டி சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். பள்ளி இடுபணிக்காகப் பேரன் அதனை ஆங்கிலத்தில் எழுதுகிறான். ‘மரம்’, ‘வெட்டு’ ஆகிய இரண்டுக்கும் அகராதியில் முதலில் கிடைக்கும் சொற்களைச் சேர்த்து எழுதிவிட்டால், படிப்பவர் கோடரியால் காட்டை அழித்த ஒருவரையே மனக்கண்ணில் காண்பார். பாட்டியோ ஒரு மரத்தையும் சாய்த்ததில்லை. விடியுமுன் எழுந்து, இரப்பர் மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவி, வடிந்த பாலை மங்கிலிருந்து வாளியில் சேர்த்தவர் அவர். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘டேப்பிங்’ என்று பெயர்.

இப்பொழுது எதிர்த்திசையில் பார்ப்போம். ‘டேப்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க வேண்டும். சமையலறையில் அது குழாய். ஒருவர் தோளில் செய்தால் அது தட்டுதல். தொலைபேசியில் செய்தால் ஒட்டுக்கேட்டல். தோட்டத்தில் பால் வெட்டுதல். இவை நான்கும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன?

உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு சொற்கள். தோளில் தட்டும் ‘டேப்’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. மற்றது பழைய ஆங்கிலச் சொல். பீப்பாயின் துளையை அடைக்கும் முளையைக் குறித்தது. முளையைத் திறந்தால் உள்ளிருப்பது வெளியே வழியும். அதனால் குழாய்க்கும் மரத்திலிருந்து பால் எடுப்பதற்கும் அச்சொல் பொருந்திற்று. பிறர் பேச்சைக் கள்ளத்தனமாக ‘வடித்து’ எடுப்பதையும் பின்னாளில் அவ்வாறே அழைத்தனர்.

மலாய்மொழியில் நீர்க்குழாய் ‘பைப்’. பால்வெட்டோ ‘மெனோரே’, அதாவது கத்தியால் கீறுதல். இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அப்பகுதியில் பேசப்படும் மொழிகளுள் ஸ்பானிய மொழியும் ஒன்று. அம்மொழியில் நீர்க்குழாய் ‘கிரிஃபோ’. மரத்தில் பால் எடுப்பதற்கு வரும் சொல் ‘சங்ரார்’. அதன் நேர்ப்பொருள் இரத்தம் வடியச் செய்தல்! ஆங்கிலேயர் வழியும் நீரைக் கண்டனர், மலாய்க்காரர் கீறும் கத்தியைக் கண்டனர், ஸ்பானியர் காயத்தைக் கண்டனர். நம் தோட்டத்து மக்கள் கத்தியையும் பாலையும் சேர்த்தே கண்டனர். ‘பால் வெட்டு’ என்னும் தொடர் எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது.

சொல்லைத் தனியே பிடித்து வைத்துக்கொண்டு பொருள் தேடினால் வழி கிடைக்காது. அதன் அண்டைச் சொற்களைக் கவனியுங்கள். ‘பிளான்ட்’ ஒரு வாரம் மூடப்பட்டது என்றால் அது ஆலை. வாடிப்போயிற்று என்றால் செடி. பகாவ் வட்டாரச் செம்பனைத் தோட்டத்தைப் பற்றிய ஒரே கட்டுரையில் இரண்டும் வரக்கூடும். மலாயில் எழுதுபவரும் நம்மைப் போலவே ‘லோஜி’யா, ‘போக்கோக்’கா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஸ்பானிய மொழியில் எழுதுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் ‘பிளாந்தா’ போதும். ஆனால், எல்லா இடத்திலும் ஆங்கிலச் சொல்தான் அகலமானது என்று எண்ணிவிடாதீர்கள். வயலில் நெல், கடையில் அரிசி, தட்டில் சோறு என நாம் பிரிக்கிறோம். மலாய்க்காரரும் பாடி, பெராஸ், நாசி எனப் பிரிக்கின்றனர். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ‘ரைஸ்’ என்றாலே போதும்.

நம் சொல்லே அகலமாக இருந்து ஆபத்தாவதும் உண்டு. தோட்டத்தில் ‘மருந்து’ என்பது காய்ச்சலுக்குக் குடிப்பது; அதே ‘மருந்து’ களைமேல் தெளிப்பதும்கூட. “மருந்தடிக்கப் போனேன், கண்ணு எரிஞ்சிச்சு” என்று பாட்டி சொன்னால், அவர் பேசுவது களைக்கொல்லியைப் பற்றி. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் தோட்டங்களில் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்டது. சிறிதளவு விழுங்கினாலும் உயிரைப் பறிக்கும் அந்நஞ்சு, 1.1.2020 முதல் மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. தெளிக்கும் வேலையைச் செய்தவர்களுள் பலர் இந்தியப் பெண்கள்.

மலாய்மொழி இங்கே ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. குடிப்பது ‘ஊபாட்’, தெளிப்பது ‘ராச்சுன்’. ராச்சுன் என்றாலே நஞ்சு. ஆகவே, புட்டியில் உள்ள எச்சரிக்கையைத் தமிழாக்குபவர், பேச்சு வழக்கில் இருக்கிறதே என்று ‘மருந்து’ என எழுதக்கூடாது. ‘களைக்கொல்லி – நஞ்சு’ என்றே எழுத வேண்டும். அலமாரியைத் திறக்கும் குழந்தைக்கு அண்டைச் சொற்களைப் பார்த்துப் பொருள் தேட நேரம் இருக்காது.

பேரனிடம் திரும்புவோம். அகராதியை மூடிவிட்டு அவன் பாட்டியிடமே கேட்கிறான்: “மரம் வெட்டுனேன்னு சொன்னீங்களே பாட்டி, எதுல வெட்டுனீங்க?”

பாட்டி எழுந்து போய், அடுப்படி இடுக்கில் செருகியிருந்த நுனி வளைந்த பழைய கத்தியை எடுத்து வருகிறார்.