இரண்டடித் தொட்டியில் பவளக்கடல்

நூறு லிட்டர் கடல்நீர் உள்ள தொட்டி. மேலே மூடி கிடையாது, பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி ஓடுகிறது. சென்னைக் கோடையில் இந்தத் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாகிப் போவது சாதாரணம். போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு, யாரும் கவனிக்காமல் விட்டால், நான்கே நாளில் 38 கிராமைத் தொட்டுவிடும். மண்டபத்துக்கு அப்பால் பவளம் வாழும் கடலில் இவ்வளவு மாற்றம் வர ஒரு பருவமே மாற வேண்டும்.

வீட்டில் பவளத் தொட்டி வைப்பதன் சிரமம் முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. பவளமும் அதை அண்டி வாழும் உயிர்களும் முரட்டுப் பிராணிகள்தான். அலையை, சேற்றை, கொத்தித் தின்னும் மீனைத் தாங்குகின்றன. அவற்றால் தாங்க முடியாதது நீரின் குணம் சட்டென மாறுவது. இந்தத் தொட்டிக்காக நாம் வாங்கும் ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒரு மாற்றத்தைத் தடுக்கத்தான் இருக்கிறது. எந்தக் கருவி எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதிச் செலவு மிச்சமாகும்.

முதல் தொட்டி சின்னதாக இருந்தால் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். கடல்நீரில் அது தலைகீழ். 20 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு நத்தை செத்து அழுகினாலும் மொத்த நீரும் கெட்டுவிடும். 100 லிட்டரில் அதே நத்தை ஒரு பொருட்டே அல்ல. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது நம் வீடுகளுக்குப் பொருந்தும் அளவு. கொள்ளளவு 127 லிட்டர். கல்லும் மணலும் போட்டபின் நீர் 100 லிட்டர் நிற்கும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி போடுங்கள். எல்லாம் சேர்ந்தால் ஸ்டாண்டோடு 200 கிலோ வரும் என்பதால், தளம் மட்டமாக இருக்கிறதா என்று முதலிலேயே ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அடியில் ஒரு தெர்மோகோல் ஷீட். மேற்கு வெயில் விழும் ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கடல் உயிர்களை வீட்டில் வாழவைக்கும் வித்தை பெரிய ஆய்வுக்கூடங்களில் பிறந்ததல்ல. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1960-களின் தொடக்கத்தில், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களைத் தொட்டியில் அடுக்கி, ஒரு குழாயில் காற்றுக் குமிழியை விட்டு, வெயிலில் வைத்தே பவளத்தை வளர்த்துக் காட்டினார். கல்லின் துளைகளுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் நீரைச் சுத்தம் செய்தன. பிறகு ஜெர்மனியில், குறிப்பாக பெர்லினில், பொழுதுபோக்காகத் தொட்டி வைத்திருந்தவர்கள் இதோடு நுரை பிரிக்கும் கருவியையும் வலுவான விளக்கையும் சேர்த்தார்கள். பவளம் எலும்புக்கூடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே, அதற்குச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையை பீட்டர் வில்கன்ஸ் பரப்பினார். ‘பெர்லின் முறை’ என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளின் அடிப்படை.

இனி தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., சென்னையின் பல பகுதிகளில் ஆயிரத்தைத் தாண்டும். அதில் கடலுப்பைக் கலந்தால் என்ன கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரும் போதாது. சிலிகேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் கசிந்து வரும், பாசி அதைத் தின்றே செழிக்கும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச அயனிகளை நீக்கும் ஒரு டி.ஐ. ரெசின் குப்பியை இணைத்து, மீட்டரில் டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும் நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் தொட்டிக்கென்றே விற்கும் ரீஃப் சால்ட்டை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை கலக்க வேண்டும். 100 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ. சமையல் உப்பு இதற்கு உதவாது. அது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் இல்லாத உப்புக் கரைசலில் பவளம் வளராது. ஒரு பெரிய டிரம்மில் பம்ப் போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பார்த்தபின் தொட்டிக்கு மாற்றுங்கள்.

கடற்கரைதான் பக்கத்தில் இருக்கிறதே, கேனில் பிடித்து வரலாமே என்று கேட்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்பு நன்றாகக் குறைந்துவிடும். கூவமும் அடையாறும் நகரத்துச் சாக்கடையோடு வந்து கலப்பதும் அதே கரையில்தான். எனக்கு அந்தத் தண்ணீர் மீது நம்பிக்கை இல்லை.

ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர், உப்பு நீர் அல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மட்டம் குறைந்ததும் தானாக நல்ல தண்ணீரை ஏற்றும் சிறு மிதவைக் கருவி கிடைக்கிறது. ஆடம்பரப் பொருள் என்று அதைத் தள்ளிவைக்காதீர்கள். விலை உயர்ந்த விளக்குக்கு முன்பாக வாங்க வேண்டியது அதைத்தான்.

நீர் நிரம்பிவிட்டது, மணல் போட்டாயிற்று, கல் அடுக்கியாயிற்று. இப்போது மீன் விடக் கை பரபரக்கும். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு பொறுக்கக்கூடியது. இந்தக் கூட்டம் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகத்தான் அத்தனை நாள். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவின் நஞ்சான வடிவம், பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் அதிகம். நன்னீர்த் தொட்டியில் மீன் தப்பிப் பிழைக்கும் அளவு அம்மோனியாவிலும் இங்கே மீன் சாவது அதனால்தான். மீனை விட்டுச் சோதிக்காமல், அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து விட்டு, டெஸ்ட் கிட்டில் தினம் பார்த்துவரலாம். காலையில் விட்ட அம்மோனியா மறுநாள் காலை பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார். நடுவில் கல்லெல்லாம் பழுப்புப் படலம் பிடிக்கும், பிறகு பச்சைப் பாசி வரும். பயந்து மருந்து ஊற்ற வேண்டாம், நத்தைகள் வந்தால் மேய்ந்துவிடும்.

நம் ஊரில் பவளத் தொட்டியைக் கொல்வது பெரும்பாலும் சூடு. மே மாத வீட்டு அறை 33 டிகிரி இருக்கும். அதோடு பம்பும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சூடேற்றும். பவளத் தொட்டிக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவுதான் பவளத்தின் முக்கிய ஆகாரம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தால், அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உமிழத் தொடங்குகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது இதுதான். கடலில் சில வாரம் எடுப்பது தொட்டியில் ஏசி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கிவிடும்.

மலிவான வழி மின்விசிறி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 100 லிட்டர் கடல்நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 400 கிலோஜூல் எடுத்தால் போதும். ஆக, ஒரு லிட்டர் ஆவியாவது 6 டிகிரி அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும். காகிதத்தில் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அறையின் சூடு விடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்குக் கடலோர ஊர்களில் மாலைக் காற்று ஈரத்தில் ஊறியிருக்கும், ஆவியாதல் மந்தமாகிவிடும். மதுரையிலும் கோவையிலும் விசிறி நன்றாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினத்தில் அது இரண்டு மூன்று டிகிரி குறைத்தாலே அதிகம். அங்கே சில்லர், அதாவது நீரைக் குளிர்விக்கும் இயந்திரம், தேவைப்படும். இந்த அளவுத் தொட்டிக்குப் பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லர் போதும். அதன் வெப்பக் காற்று அதே அறைக்குள் சுழலாதபடி வைப்பது முக்கியம். பட்ஜெட்டில் சில்லருக்கு இடமில்லை என்றால் இப்போதைக்குப் பவளம் வேண்டாம், கொஞ்ச நாள் மீனோடு இருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

அடுத்து ஸ்கிம்மர், பெர்லின்காரர்கள் சேர்த்த அந்த நுரை பிரிக்கும் கருவி. ஒரு குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கிளப்பும் எளிய கருவி. புரதமும் கொழுப்பும் ஒரு முனையில் நீரை விரும்பும், மறுமுனையில் வெறுக்கும். அதனால் காற்றும் நீரும் சந்திக்கும் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கோப்பையில் விழுகின்றன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் டிகாஷன் நிறத்தில், மூக்கைப் பிடிக்கவைக்கும் திரவம் தேங்கியிருக்கும். அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே கழிவு வெளியேறிவிட்டது. இதே கருவியை நன்னீரில் வைத்தால் பயனில்லை. உப்பின் அயனிகள் குமிழிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுப்பதால் கடல்நீரில் அவை சின்னதாகவே நிற்கின்றன. நன்னீரில் சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும்.

நீரோட்டத்துக்கு எதிரெதிரே இரண்டு வேவ் மேக்கர். விளக்குக்கு நீலம் மேலோங்கிய எல்.இ.டி., தினம் எட்டு ஒன்பது மணி நேரம், டைமரில். விளக்கைப் பற்றிக் கடையில் மணிக்கணக்கில் பேசுவார்கள். மென்மையான இனங்களுக்கு நடுத்தரமான விளக்கே போதும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வெப்பத்தில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன், நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். உப்புநீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தொட்டியின் லைனுக்கு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கட்டாயம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொய்ந்து ஏற வேண்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

எந்த உயிரை வாங்குவது என்பதில் சட்டமும் மனசாட்சியும் ஒரே பக்கம் நிற்கின்றன. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கறும் பவளமும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் தரப்படும் அதே பாதுகாப்பு. உயிரில்லாத பவளத் துண்டை வைத்திருப்பதும் குற்றம். கடற்குதிரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடி பக்கத்துத் தீவுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டு பவளத்தை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டத்தில் கட்டிக் கடலடியில் நட்டு மீட்டு வருகிறார்கள். முழுகி முழுகி அவர்கள் நடுவதை நாம் வரவேற்பறைக்காகப் பிடுங்கக் கூடாது.

அதனால் ‘லைவ் ராக்’ என்று யாராவது கடற்கல்லை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். துளைகள் நிறைந்த பீங்கான் கல்லோ, சிமென்ட்டில் வார்த்த கல்லோ ஆறு வாரத்தில் அதே வேலையைச் செய்யும். சிமென்ட் கல் என்றால் பல வாரம் நன்னீரில் ஊறவைத்துக் காரத்தை நீக்கிய பிறகு. காளான் பவளம், பொத்தான் பவளம் போன்ற மென்மையான இனங்களில், தொட்டியிலேயே துண்டுபோட்டுப் பெருக்கியது எது என்று கேட்டு அதை மட்டும் வாங்கலாம். பொத்தான் பவளத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அதன் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. இவை சுண்ணாம்பு எலும்பு கட்டாதவை என்பதால் கால்சியம் ஊற்றும் இயந்திரம் தேவையில்லை. வாரம் 10 லிட்டர் நீரை மாற்றினாலே தாதுக்கள் ஈடாகிவிடும். மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் விடவே கூடாது, இறாலும் நத்தையும் முதலில் சாகும்.

மீனில் முதல் தேர்வு கோமாளி மீன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கின்றன. பொரிப்பக மீன் தீனிக்குப் பழகியது. கடலில் அது அண்டியிருக்கும் கடலனிமோன் இல்லாமலே வாழும். சின்னதாக இரண்டு வாங்குங்கள். எல்லாக் கோமாளி மீனும் ஆணாகவே வளரத் தொடங்குவதால் ஜோடி பார்த்து எடுக்க வேண்டியதில்லை. வலுவானது பெண்ணாக மாறும். ஒன்றிரண்டு வருடத்தில் கல்லோரம் ஆரஞ்சு நிற முட்டைகள் தென்படலாம். ஆண் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஏழெட்டு நாளில், விளக்கணைந்த பின் இருட்டில் பொரியும். குஞ்சின் வாய்க்கு முதல் வாரம் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் அடங்கும். ரோட்டிஃபரை வளர்க்கப் பச்சைப் பாசி நீர் வேண்டும். முதல் முட்டைத் தொகுதியைக் காப்பாற்றுவது கடினம். இரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி இடும் என்பதால், அதற்குள் பாசிக்கு ஒரு வாளியும் ரோட்டிஃபருக்கு ஒரு வாளியும் தயார் செய்துகொள்ளலாம்.