திரையில் இருக்கும் 11,400 ரூபாய்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரிண்டர் ஓடவில்லை, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் நான் நடத்தும் சர்வீஸ் கடைக்குச் சென்ற மாதம் வந்த அண்ணாச்சியின் சந்தேகம் வேறு வகை. முருகன்குறிச்சியில் பலசரக்குக் கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச லேப்டாப் வாங்கியிருந்தார். அதைத் திறந்து என் மேஜை மேல் வைத்தார். "தம்பி, துட்டு வந்துட்டு. எடுக்கத்தான் முடியல. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

திரையில் ஒரு பந்தயத் தளம். கிரிக்கெட், கேசினோ, இன்னும் என்னென்னவோ. வலது மேல் மூலையில் பச்சை நிறத்தில் 11,400 என்று மின்னியது. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வழியாக உள்ளே போய், 500 ஒரு தடவை, 1,500 ஒரு தடவை என்று 2,000 ரூபாய் போட்டிருக்கிறார். "பார்த்தீங்களா, அஞ்சு மடங்குக்கு மேல" என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

நான் பதில் சொல்லவில்லை. அந்த எண்ணின் மேல் மவுஸைக் கொண்டுபோய் ரைட் கிளிக் செய்து, வந்த மெனுவில் இன்ஸ்பெக்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எப்12 கீயை அழுத்தினாலும் இதே பகுதி திறக்கும். பக்கவாட்டில் குறியீடுகளாக ஒரு கட்டம் வந்தது. அதில் 11,400 இருந்த இடத்தில் டபுள் கிளிக் செய்து 11,40,000 என்று டைப் செய்து என்டர் தட்டினேன். திரையில் அண்ணாச்சி லட்சாதிபதி ஆகிவிட்டார். எப்5 அழுத்தியதும் மறுபடி 11,400.

நீங்களும் எந்த இணையப் பக்கத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் திரையில் மட்டும்தான் மாறும். சர்வரில் ஒன்றும் ஆகாது. ஆனால் இதைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சிக்கு நான் சொல்ல வந்தது பிடிபட்டது. பேங்க் தளத்தில் தெரியும் எண்ணுக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியின் விதிகளும் கோர்ட்டும் இருக்கின்றன. இந்தப் பச்சை எண்ணுக்குப் பின்னால் இருப்பது அந்தத் தளத்தை நடத்துபவரின் விருப்பம் மட்டும்தான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சிறு வயதில் தாமிரபரணியில் தண்ணீர் ஏறும்போது நானும் என் கூட்டாளியும் பந்தயம் கட்டுவோம். குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபம் நாளைக் காலைக்குள் முங்குமா, முங்காதா? தோற்றவர் ஜெயித்தவருக்கு அல்வா வாங்கித் தர வேண்டும். ஒருவன் இழந்தது அப்படியே மற்றவனுக்குப் போய்ச் சேரும். நடுவில் யாரும் இல்லை.

பந்தயத் தளம் நடுவில் உட்காருகிறது. டாஸில் தலைக்கு 1.90, பூவுக்கு 1.90 என்று போட்டிருப்பார்கள். இதற்கு ஆட்ஸ் என்று பெயர். 100 ரூபாய் கட்டி ஜெயித்தால், நீங்கள் கட்டியதையும் சேர்த்து 190 கிடைக்கும் என்று பொருள். தலைக்கு ஒருவர் 100, பூவுக்கு ஒருவர் 100 கட்டினால் தளத்துக்கு வந்தது 200. ஜெயித்தவருக்குக் கொடுப்பது 190. எது விழுந்தாலும் 10 ரூபாய் அவர்களுக்கு. விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து 1 வகுத்தல் 1.90 என்று போட்டுப் பாருங்கள், 0.526 வரும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 1.05. நேர்மையான பந்தயம் என்றால் சரியாக 1 வர வேண்டும். அதற்கு மேல் இருப்பதில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. எந்த மேட்சுக்கு வேண்டுமானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1-க்குக் கீழே வந்ததை நான் பார்த்ததில்லை.

5 சதவீதம்தானே என்று அண்ணாச்சியும் கேட்டார். கடை நடத்தியவர் அல்லவா, அதைவிட அதிக லாபம் வைத்து விற்றிருப்பார். இங்கேதான் போனஸ் வருகிறது. 2,000 போட்டால் 2,000 இலவசம் என்று அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு லிங்க். அதை கிளிக் செய்து கன்ட்ரோல் கீயுடன் கூட்டல் குறியை நாலு தடவை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். போட்ட பணமும் போனஸும் சேர்ந்த தொகையைப் போல 20 மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகே பணத்தை எடுக்கலாமாம். 4,000 பெருக்கல் 20 என்றால் 80,000. அதில் 5 சதவீதம் எவ்வளவு? 4,000. அதாவது சராசரிக் கணக்கில், நிபந்தனையை முடிக்கும்போது போட்டதும் போனஸும் தீர்ந்திருக்கும். அண்ணாச்சி இதுவரை கட்டியது 31,000 ரூபாய்க்கு.

அவர் சாட்டில் கேட்டதற்கு ஒரு பதில் வந்திருந்தது. 30 சதவீத வரியாக 3,420 ரூபாயை முதலில் அனுப்பினால் நிபந்தனையைத் தளர்த்துவார்களாம். அதை எப்படி அனுப்புவது என்று கேட்கத்தான் அவர் என்னிடம் வந்ததே! ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீத வரி என்பது உண்மை. ஆனால் 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, பணம் கொடுப்பவரே அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். நம்மிடம் முன்பணமாகக் கேட்க மாட்டார்கள். போதாததற்கு, நிகரம் என்றால் அவர் போட்ட 2,000-ஐக் கழித்திருக்க வேண்டும். இவர்கள் 11,400-க்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதன் பிறகும் செங்கோட்டை தாண்டி கேரளாவுக்குப் போய் டிக்கெட் வாங்கி வருபவர்களை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆன்லைனில் எல்லையே கிடையாது, அதுதான் சிக்கல். தமிழக அரசின் 2022-ம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆன்லைனில் சூதாடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ரம்மி, போக்கர் திறமை விளையாட்டா என்று நடந்த வழக்கு தனிக்கதை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நடத்தவே கூடாது என்றது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம்; ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. ட்ரீம்11, எம்பிஎல் போன்றவை அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின.

அப்படியானால் அண்ணாச்சியின் லேப்டாப்பில் ஓடுவது எது? பக்கத்தின் அடியில் குராசோ லைசென்ஸ் என்று போட்டிருந்தது. வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் உள்ள குட்டித் தீவு அது. ஏமாந்தால் அங்கே போய் யாரைக் கேட்பீர்கள்?

இன்னொன்றையும் பார்த்தேன். இரண்டு தடவையும் அவர் மொபைலில் க்யூஆர் ஸ்கேன் செய்துதான் பணம் கட்டியிருக்கிறார். யுபிஐ ஹிஸ்டரியில் பணம் பெற்றவர் என்று இரண்டு வெவ்வேறு தனி நபர்களின் பெயர்கள். கமிஷனுக்காக யாரோ வாடகைக்கு விட்ட பேங்க் அக்கவுண்ட்டுகளாக இருக்கும். இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. அப்படிப்பட்ட அக்கவுண்ட்டில் இருந்து ஜெயித்த பணம் உண்மையாகவே நமக்கு வந்துவிட்டால்? அது வேறொருவரிடம் திருடியதாக இருந்து அவர் புகார் கொடுத்தால், பணம் போன வழியில் உள்ள நம் அக்கவுண்ட்டையும் முடக்கிவிடலாம். அண்ணாச்சியின் யுபிஐ இணைந்திருந்தது கடை அக்கவுண்ட்டில். சப்ளையர்களுக்குப் பணம் போவதெல்லாம் அதிலிருந்துதான். இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. அதுவரை 11,400 போய்விடுமே என்ற கவலை. அதன் பிறகு மகனிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தி, சாட், நிபந்தனை, தளத்தின் முகவரி எல்லாவற்றையும் படம் எடுத்தோம். பிக்சர்ஸ் போல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற போல்டரில் இவை சேர்ந்துவிடும். இரண்டு பரிமாற்றங்களின் 12 இலக்க யுடிஆர் எண்களை எழுதிக்கொண்டு 1930-க்குப் போன் செய்தோம். (பழைய சூதாட்டத் தடுப்புச் சட்டத்தின் ஆண்டும் 1930 என்பது தற்செயல்.) சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் பதியலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். அண்ணாச்சி வந்தது 2 வாரம் கழித்து.

பிறகு குரோமில் செட்டிங்ஸ், பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்கினேன். முதல் நாளே அலவ் என்று கிளிக் செய்திருந்ததால் அரை மணிக்கு ஒரு தடவை விளம்பரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மொபைலில் பிளே ஸ்டோருக்கு வெளியில் இருந்து இறக்கிய அவர்களுடைய ஆப், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. ஓடிபி வருவதே எஸ்எம்எஸ்ஸில்தானே? அதை எடுத்துவிட்டு யுபிஐ பின்னை மாற்றச் சொன்னேன்.

இதை எழுதும் வரை அந்த 2,000 திரும்பவில்லை. 3,420 தப்பியது. அண்ணாச்சியின் பேரன் எப்12 வித்தையை உடனே பிடித்துக்கொண்டான். பரீட்சை ரிசல்ட் பக்கத்தைத் திறந்து கணக்கில் 100 போட்டு ஆச்சியிடம் காட்டியிருக்கிறான். ஆச்சி தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம்.