சொல்லாமல் நிற்கும் எடுகோள்

நானுஓயா மலைச்சரிவிலே ஒரு காலைப்பொழுது. தேயிலைச் செடிகளுக்கு மேலே வெண்மையாக ஏதோ எழுகின்றது. "அங்கே புகை, ஆகவே நெருப்பும் உண்டு" என்கின்றான் ஒரு சிறுவன். அவன் சொல்லாமல் விட்டவை இரண்டு. 'புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு இருக்கும்' என்பது ஒன்று. 'நாம் காண்பது புகையே, பனியன்று' என்பது மற்றொன்று. இவற்றுள் ஒன்று தவறினும் அவன் வாதம் நில்லாது.

இது தமிழருக்குப் புதிய கலையன்று. மணிமேகலையின் 29ஆம் காதை, பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என வாதத்தின் உறுப்புகள் ஐந்தினைக் கூறுகின்றது. ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீருமுன்னரே புகையெனத் துணிந்து நெருப்பை நிறுவுதல் குற்றம் என்றும் அது காட்டுகின்றது. மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேண்டுமோ!

தர்க்கத் திறனை அளக்கும் பரீட்சைகளிலே இக்கலையே வினாவாக வருகின்றது. ஓர் உதாரணம் காண்போம்: "இப்பெண் குறித்த கிலோ கொழுந்து பறிக்கவில்லை. ஆகவே இவள் இன்று முழுநாள் உழைக்கவில்லை." இங்கே மறைந்துள்ள எடுகோள் யாது?

(அ) கொழுந்து பறித்தல் கடினமான வேலை.
(ஆ) முழுநாள் உழைத்த எவரும் குறித்த கிலோவை எட்டுவர்.
(இ) கூடுதலாகப் பறிப்போர்க்குக் கூடுதற் பணம் உண்டு.

விடை காண எளிய வழி, ஒவ்வொன்றையும் மறுத்துப் பார்ப்பதே. (அ)வும் (இ)யும் உண்மையாயிருக்கலாம். ஆயினும் அவற்றை மறுத்தாலும் வாதம் அசைவதில்லை. (ஆ)வை மறுத்துப் பாருங்கள். மழை பெய்யாத நாளிலும், கொழுந்து குறைந்த மலையிலும், அந்தி வரை நின்று பறித்தும் கிலோ சேராமற் போகலாமன்றோ? உடனே முடிவு சரிந்துவிடுகின்றது. ஆகவே (ஆ)வே விடை. உண்மையான கூற்றைத் தேடாது, இன்றியமையாத கூற்றைத் தேடுக என்பதே மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய விதி.

இதனை வெறும் பரீட்சை விளையாட்டென்று எண்ணலாகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்பிற்கு, அன்றேல் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிற்குச் சான்று கேட்டது. 'இங்கே பிறந்தவர்க்கெல்லாம் அதற்கான பத்திரம் இருக்கும்' என்பதே அதனடியில் மறைந்து நின்ற எடுகோள். லயத்து அறைகளிலே பதிவின்றிப் பிறந்தோர் எத்தனை பேர்! அந்தச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964ஆம், 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களைக் கடந்து, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அவ்வழக்கு நீண்டது.

ஆதலின் பெற்றோரே, பிள்ளைகள் ஒரு முடிவைக் கூறும்போது, "இதற்கு நீ சொல்லாமல் நம்பியது யாது?" என்று அன்போடு கேளுங்கள். பிறர் நம்மைப் பற்றி முடிவு கூறும்போதும் அதே கேள்வியைக் கேட்க அவர்கள் பழகிக்கொள்வார்கள்.